பேட்டரி நல்லாத்தான் இருக்கு, கேபிளைப் பாருங்க

1/ பழைய கார் வச்சிருக்கும் நண்பர்களுக்காக இந்த இழை. நான் மெக்கானிக் இல்லை, மருத்துவர். ஆனா இந்தக் கோளாறு நான் தினமும் பார்க்கிற ஒரு நோய் மாதிரியே இருந்ததால எழுதுறேன்.

2/ அப்பாவோட 1972 மார்க் 2 அம்பாசடர். ஒன்றரை வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. காலையில ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினா, அப்புறம் "டக்... டக்" சத்தம் மட்டும்தான். "எனக்கு மாதிரி அதுக்கும் வயசாயிடுச்சுப்பா, குடுத்துடலாம்"னு அப்பா சொல்லிட்டார். அவருக்கு வயது 79.

3/ பேட்டரியை அளந்தா 12.6 வோல்ட். முழு சார்ஜ். ஆனா நடந்தா நெஞ்சு இறுக்குதுன்னு வர்றவருக்கு, படுக்க வச்சு எடுத்த ஈசிஜி நார்மலா இருந்தாலும் நாங்க அனுப்பிட மாட்டோம். பாரம் கொடுத்தாத்தான் சில அடைப்பு தெரியும். கேபிளும் அப்படித்தான்.

4/ மீட்டரோட ஒரு முனை பேட்டரி முனையில், இன்னொன்னு ஸ்டார்டர் மோட்டார் போல்ட்டில். தம்பியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். கேபிள்லயே கிட்டத்தட்ட 2 வோல்ட் காணாமப் போச்சு! 200 ஆம்பியர் ஓடுற இடத்துல 0.01 ஓம் தடை இருந்தாலே இவ்வளவு இழப்பு. அரை வோல்ட் தாண்டினாலே சந்தேகப்படணும்.

5/ வெட்டிப் பார்த்தா, மேல் உறை நல்ல பருமன். உள்ளே செம்பு பச்சை பூத்து, பாதி இழை அறுந்திருந்தது.

6/ எர்த் பட்டையையும் பாருங்க. இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு. பட்டை கெட்டா கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியா திரும்பப் பார்க்கும். பெரிய ரத்தக்குழாய் அடைச்சா சின்னக் குழாய்கள் வேலை செய்யுமே, அது மாதிரி. ஆனா இங்க கேபிள் சூடாகிப் புகையும்.

7/ வாங்கும்போது உறையைப் பார்க்காம, செம்பின் அளவைக் கேளுங்க. பேட்டரி முன்னாடி இருக்கிற 12 வோல்ட் காருக்கு 35 சதுர மி.மீ. தாராளம். 6 வோல்ட் வண்டின்னா அதே வேலைக்கு ரெண்டு மடங்கு கரண்ட், அதனால இன்னும் தடிமன் வேணும். இழையைச் சுரண்டினா வெள்ளையா தெரியுதா? செம்பு பூசின அலுமினியம். வேண்டாம்.

8/ மாட்டும்போது:
• எர்த் போல்ட் இடத்துல பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரியணும்.
• தகட்டைத் தாண்டுற இடத்துல ரப்பர் வளையம் கட்டாயம். பெரும்பாலும் இந்தக் கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது. உறை கிழிஞ்சா தீதான்.
• எர்த்தை முதல்ல கழட்டணும், கடைசியில மாட்டணும். சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிடிவ்தான் எர்த். பார்த்துக்குங்க.
• மோதிரம், வாட்ச் கழட்டிடுங்க. ஷார்ட் ஆனா நொடியில விரல் வெந்துடும். இதை மருத்துவராவே சொல்றேன்.

9/ ரெண்டு கேபிள், ஒரு பட்டை. புது பேட்டரி விலையில பாதிகூட ஆகலை. இப்போ இழப்பு 0.2 வோல்ட். வண்டி வீட்லயே இருக்கு.

10/ யாராவது பேட்டரி மாத்தச் சொன்னா, "ஸ்டார்ட் பண்ணும்போது கேபிளை அளந்தீங்களா?"னு கேளுங்க. அதே மாதிரி, நடந்தா மூச்சு வாங்குதுன்னு வீட்ல பெரியவங்க சொன்னா, வயசாச்சுன்னு விட்டுடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.