ஓர் இரவுக்கான உரிமம்

டிசம்பர் மாதத் தொடக்கம். தேஹு ரோட்டில் சிறியதொரு மனமகிழ் மன்றத்தின் செயலாளர் விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவருடைய தந்தை படைக்கலக் கிடங்கில் வேலை தேடித் தமிழகத்திலிருந்து வந்தவர். படிவத்தின் மொழி மராத்தி. வீட்டின் மொழி இன்றும் தமிழே. மன்றத்திற்கு ஆண்டு முழுவதற்குமான மது உரிமம் தேவையில்லை, ஆண்டிறுதி விருந்து நடக்கும் ஓர் இரவுக்கான தற்காலிக உரிமம் போதும். ஏனைய கட்டங்கள் நிரம்பிவிட்டன. தேதிக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. உறுப்பினர்கள் வழக்கம்போல் 24ஆம் தேதியைக் குறித்திருக்கிறார்கள்.

இப்படிவத்தின் பின்னே நிற்பது 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம். இன்று அதன் பெயரில் பம்பாய் நீங்கி மகாராஷ்டிரம் வந்துவிட்டது. மதுவிலக்கு என்னும் சொல் நீங்கவில்லை. மது ஆறாக ஓடும் ஒரு மாநிலத்தில் மது விற்பனையை ஆள்வது மதுவிலக்குச் சட்டமே என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் சட்டத்தின் இலக்கணம் அதுதான்: முதலில் அனைத்தையும் விலக்குகிறது, பிறகு ‘எனினும்’ என்று தொடங்கி ஒவ்வொன்றாக விடுவிக்கிறது. மகாராஷ்டிரத்து மதுக்கூடங்களின் பலகையில் ‘பெர்மிட் ரூம்’ என்று எழுதியிருப்பது இதனால்தான். விற்பவருக்கு உரிமம் வேண்டும். குடிப்பவருக்கும் அனுமதிச்சீட்டு வேண்டும். அச்சீட்டு உடல்நலத்தைப் பேணும் பொருட்டு வழங்கப்படுவதாகச் சட்டம் கருதிக்கொள்கிறது.

இந்த ‘எனினும்’ எல்லோருக்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. 1951இல் பல்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தின் சில பகுதிகளைச் செல்லாதவை என்றது. ஆனால் படைவீரர் உணவகங்களுக்குத் தரப்பட்ட விலக்கை ஏற்றுக்கொண்டது. கண்டோன்மென்ட் ஊரான தேஹு ரோட்டில் இது சட்டப் புத்தகத்துச் செய்தி மட்டுமன்று. மதிலுக்கு உட்புறம் விலக்கு, வெளிப்புறம் விண்ணப்பம்.

தமிழகத்திலிருந்தும் ஒரு வழக்கு இவ்வூர்ச் சாலைக்கு வந்து சேர்ந்தது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது தமிழ்நாடு அரசுக்கும் வழக்கறிஞர் கே. பாலுவுக்கும் இடையிலான வழக்கில். பழைய மும்பை–புணே நெடுஞ்சாலையை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் அத்தீர்ப்பை அளவுநாடாவுடன் வாசித்தன. 2023இல் தமிழ்நாடு அரசே நிகழ்ச்சிகளுக்கான சிறப்பு உரிமத்தைக் கொண்டுவந்தது. திருமண மண்டபங்களும் அதில் இடம்பெற்றதால் எதிர்ப்பு மூண்டது, மண்டபங்கள் நீக்கப்பட்டன, எஞ்சியதற்கும் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நிரந்தர மதுக்கடையைச் சகித்துக்கொண்ட சமூகம் ஒருநாள் உரிமத்தைக் கண்டு பதறியது. கடை இருக்கும் தெருவை ஒருவர் தவிர்த்துவிடலாம். தன் வீட்டுக் கல்யாணத்தைத் தவிர்க்க முடியாது.

இடத்தைச் சட்டம் மீட்டரால் அளக்கிறது. நாளை எதனால் அளக்கிறது? பண்டரிபுரத்து ஆஷாட ஏகாதசி மகாராஷ்டிரத்தில் மதுவிலக்கு நாள். துக்காராம் பிறந்த தேஹுவிலிருந்து பல்லக்கு ஊர்வலம் புறப்படுவது அந்த ஏகாதசியை நோக்கித்தான். அதே வட்டாரத்திற்கு இன்னொரு நாளும் உண்டு. 1954 டிசம்பர் 25 அன்று, பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்ட புத்தர் சிலையை அம்பேத்கர் தேஹு ரோட்டு விகாரையில் நிறுவினார். பண்டரிபுரத்து விட்டலர் புத்தரே என்னும் தம் கருத்தையும் அங்கு முன்வைத்தார். இரண்டாண்டு கழித்து நாக்பூரில் அவர் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தாமையும் ஒன்று. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் வெள்ளுடையில் விகாரைக்கு வருகிறார்கள். அந்நாளோ மதுவிலக்கு நாளன்று. அண்மை ஆண்டுகளில் டிசம்பர் 24, 25, 31 இரவுகளில் மது பரிமாறும் நேரம் அதிகாலை 5 மணிவரை நீட்டிக்கப்படுகிறது.

செயலாளரின் தாயார் எழுபதைக் கடந்தவர். தேதி காலியாக இருப்பதைக் கண்டு அவர் வாதாடவில்லை. “விடியக்காலையில நான் அந்த வழியாத்தான்டா நடந்து போகணும்” என்று மட்டும் சொன்னார்.

24ஆம் தேதிக்கு உரிமம் கேட்பதில் சட்டப்படி குற்றமேதும் இல்லை, கிடைக்கவும் கூடும். விடியற்காலையில் மன்றத்து வாசலில் நிற்பவர்களையும் அவ்வழியே விகாரைக்கு நடந்து செல்பவர்களையும் ஒருசேரக் காணும் கண் எந்தப் படிவத்திற்கும் இல்லை. விழாக்காலம் என்று அலுவலகங்கள் ஒருமையில் எழுதும் சொல்லுக்குள் யாருடைய விழா அடங்குகிறது, யாருடையது விடுபடுகிறது என்பது ஆய்வாளர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

செயலாளர் 31 என்று எழுதினார். உறுப்பினர்களிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.