ஆன் ஆர்பரில் ஒரு சனிக்கிழமை

அமெரிக்கர்கள் எதையும் தலைகீழாகவே செய்வார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களுடைய கால்பந்தாட்டத்தைக் கண்ட பிறகு அது முழுப் பொய்யல்ல என்று தோன்றுகிறது. பெயர் என்னவோ கால்பந்து. ஆனால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதே பெரும்பாலும் ஆட்டம். பந்தும் உருண்டையன்று, மட்டை உரிக்காத தேங்காயை நினைவூட்டுவது. பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் கட்சியார் நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறவேண்டும். இல்லாவிடில் பந்தை எதிரியிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். இவ்வளவு தெரிந்தால் நேயர்கள் மேலே படிக்கலாம்.

டெட்ராயிட் நகருக்கு மேற்கே சுமார் நாற்பது மைலில், ஹியூரான் நதிக்கரையில் இருக்கிறது ஆன் ஆர்பர். 1817-இல் டெட்ராயிட்டில் ஆரம்பமான மிச்சிகன் சர்வகலாசாலை 1837-இல் இவ்வூருக்குக் குடிபெயர்ந்தது. ஊரின் ஜனத்தொகை ஏறக்குறைய 1,20,000. சர்வகலாசாலையின் ஆட்ட அரங்கிலோ 1,07,601 பேர் உட்காரலாம். அதாவது, தொட்டில் குழந்தைகளையும் நோயாளிகளையும் வீட்டில் விட்டுவிட்டால், மீதி ஊர் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்!

உறவினர் ஒருவருடன் நாம் அங்கே சென்றது இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை. மரங்கள் சிவப்பும் பொன்னுமாக நின்றன. மனிதர்களோ மக்காச்சோள மஞ்சளும் நீலமுமாகத் திரிந்தார்கள். அவை அந்தக் கலாசாலையின் வர்ணங்கள். நம்மூர்த் தேர்த் திருவிழாவுக்குக் கட்டுச்சோற்றுடன் வண்டி கட்டிக்கொண்டு வருவது போலக் குடும்பம் குடும்பமாக வந்து, மோட்டார்களின் பின்கதவைத் திறந்து வைத்து, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். யார் என்ன என்று கேளாமல் நம் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

1927-இல் இந்த அரங்கைக் கட்டியவர்கள் அதன் பெரும்பகுதியைப் பூமிக்குள்ளேயே வெட்டினார்கள். 2010-இல் இரு பக்கமும் உயர்ந்த செங்கல் மாடங்கள் எழும்பிவிட்டபோதிலும், வாயிலைக் கடந்து உள்ளே செல்கிறவர் இன்றும் மேல் படிகளிலிருந்து ஒரு பெரிய பச்சைக் கிணற்றை எட்டிப் பார்ப்பவர் போல் நின்றுவிடுகிறார். ஆசன எண்ணிக்கையின் கடைசியில் உள்ள ஒன்று, பல ஆண்டு பயிற்சியாளராகவும் நிர்வாகியாகவும் இருந்த பிரிட்ஸ் கிரைஸ்லருக்காக ஒதுக்கியது என்பது ஊர் வழக்கு. அந்த ஆசனம் எங்கே இருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. 1975 நவம்பர் முதல், தொற்றுநோய்க் காலமான 2020 நீங்கலாக, இங்கே நடந்த எந்தப் பந்தயத்துக்கும் ஒரு லட்சத்துக்குக் குறைந்து ஜனங்கள் வந்ததில்லை.

சாய்மானம் இல்லாத நீண்ட பலகையில் நமக்கு இடப்புறம் அறுபது வயது கடந்த ஓர் அம்மாள் அமர்ந்திருந்தார். வலப்புறம், எண்பத்து நான்கு பிராயமுள்ள பெரியவர் ஒருவரும் அவருடைய பேரனும். ஆட்டம் தொடங்க நேரம் இருந்தது. “உங்களுக்கு இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது?” என்று கேட்டு வைத்தோம். அந்த நாட்டில் இதைவிட நல்ல கேள்வி வேறில்லை என்று உடனே அறிந்துகொண்டோம்.

“தகப்பனாரின் மேலங்கி வாசனைதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது” என்றார் அம்மாள். 1969 நவம்பர் 22-ஆம் தேதி அவருக்கு ஏழு வயது. எதிரி, பரம வைரியான ஒஹாயோ மாகாணக் கலாசாலை. அதற்கு முந்திய வருஷம் 50-க்கு 14 என்று மிச்சிகனை நசுக்கியவர்கள் அவர்கள். தொடர்ந்து 22 பந்தயங்களில் தோல்வி அறியாதவர்கள். மிச்சிகனுக்கோ போ ஷெம்பெக்லர் என்ற புதுப் பயிற்சியாளர். முடிவு, மிச்சிகன் 24, ஒஹாயோ 12. “ஆட்டத்தில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்பாவின் அங்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். அப்பா அழுததை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்” என்றார்.

பெரியவருடைய ஞாபகம் இன்னும் விசித்திரமானது. அவர் அந்த ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, ரேடியோவில் கேட்டார். 1950 நவம்பர் 25. ஒஹாயோவின் தலைநகரான கொலம்பஸில் கண் தெரியாத பனிப்புயல். இரு கட்சியாரும் பந்தை வைத்துக்கொள்ளவே அஞ்சி, மொத்தம் 45 தடவை உதைத்து எதிரியிடம் தள்ளிவிட்டார்கள். மிச்சிகன் ஒரு தடவைகூடப் பத்து கஜத் தவணையைப் பூர்த்தி செய்யவில்லை. ஆயினும் எதிரி உதைத்த பந்தை மறித்துப் புள்ளிகள் பெற்று, 9-க்கு 3 என்று ஜயித்தது! “வீட்டு ஜன்னலுக்கு வெளியேயும் பனி. தகப்பனார் ஒரு காகிதத்தில் மைதானத்தை வரைந்து, பந்து எங்கே இருக்கிறது என்று பொத்தானை நகர்த்திக் காட்டினார். எனக்கு இன்றைக்கும் மிச்சிகன் என்றால் அந்தப் பொத்தான்தான்” என்றார் பெரியவர்.

ஆட்டக்காரர்கள் நான்கைந்து ஆண்டுகளில் படிப்பை முடித்துப் போய்விடுகிறார்கள். பயிற்சியாளர்கள் மாறுகிறார்கள். 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரைக் கொண்டு பணம் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கலாசாலைகளே அவர்களுக்கு நேராகப் பணம் கொடுக்கலாம். அதிக வரும்படியை நாடி ஒரு கலாசாலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவோரும் உண்டு. டிக்கெட்டுக்கு ஆகும் செலவைச் சொல்லி அம்மாள் பெருமூச்சு விட்டார். ஆனால் இடத்தை விட்டுவிட மனமில்லை. நாம் உட்கார்ந்திருந்தது அவருடைய தகப்பனாரின் இடமாம்.

பெரியவரிடம், “உங்கள் தகப்பனாரும் இங்கே படித்தவரா?” என்று கேட்டோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்.

1934-இல் அவருடைய தகப்பனார் இங்கே மாணவர். அவ்வருஷம் மிச்சிகன் கட்சியில் வில்லிஸ் வார்டு என்ற நீக்ரோ வாலிபர் ஒருவர் இருந்தார். கட்சியில் அந்த இனத்தவர் அவர் ஒருவரே. தெற்கேயிருந்து வந்த ஜார்ஜியா டெக் கலாசாலையார், அவர் இறங்கினால் தாங்கள் ஆடமாட்டோம் என்றார்கள். மிச்சிகன் நிர்வாகிகளும் இணங்கி, தங்கள் ஆட்டக்காரரைத் தங்கள் மைதானத்திலேயே ஆடவிடாமல் விலக்கி வைத்தார்கள். மாணவர் பலர் விண்ணப்பம் எழுதிக் கண்டித்தார்கள். வேறு சிலர் அவர்களை எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். வார்டின் நண்பரும் சக ஆட்டக்காரருமான ஜெரால்டு போர்டு, கட்சியை விட்டே விலக எண்ணினார். அவர்தான் 1974-இல் அமெரிக்காவின் ஜனாதிபதியானவர். அக்டோபர் 20-ஆம் தேதி நடந்த அந்தப் பந்தயத்தில் மிச்சிகன் 9-க்கு 2 என்று வென்றது. அந்த வருஷத்தில் அதற்குக் கிடைத்த வெற்றி அது ஒன்றே.

“தகப்பனார் தம் காலத்து ஆட்டம் ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்லியிருக்கிறார், இதை மட்டும் சொன்னதில்லை. 1999-இல் போர்டு பத்திரிகையில் எழுதிய கட்டுரையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது தகப்பனார் உயிரோடு இல்லை. அவர் கண்டித்தவர்களுடன் நின்றாரா, கூச்சலிட்டவர்களுடன் நின்றாரா, அல்லது பேசாமல் ஆட்டம் பார்த்தாரா என்று நான் யாரைக் கேட்பது, ஐயா?”

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம் தேசத்திலும் தகப்பன்மார் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்ட சங்கதிகள் உண்டு. எந்தத் தெருவில் யார் நடக்கக்கூடாது என்றிருந்தது, எந்தக் கிணற்றில் யார் நீர் மொள்ளக்கூடாது என்றிருந்தது என்பவற்றை எத்தனை வீடுகளில் வாய்விட்டுப் பேசியிருக்கிறோம்? ஊரின் பெருமையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும்போது அதன் கணக்கையும் சேர்த்து ஒப்படைப்பதுதான் நேர்மை என்று நமக்குத் தோன்றிற்று.

பாண்டு வாத்தியம் முழங்கிற்று. லட்சம் பேர் எழுந்து நின்றார்கள். சிறகுச் சின்னம் தீட்டிய தலைக்கவசங்களுடன் வாலிபர்கள் சுரங்க வழியிலிருந்து பாய்ந்து வந்தார்கள். பேரப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை; பலகைமேல் ஏற்றி நிறுத்தித் தாத்தா பிடித்துக்கொண்டார். பனிப்புயல் கதை அவனுக்கு மனப்பாடமாம். வார்டின் கதையையும் சொல்லியாகிவிட்டதா என்று விசாரித்தோம்.

“போன வாரம் சொன்னேன். ‘அவரை ஏன் ஆடவிடவில்லை?’ என்று மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் சொன்னேன்” என்றார் பெரியவர்.