கரிசல் வலசை – 3: பட்டாசு நாட்டில் வடக்கத்திப் பறவைகள்

கூந்தன்குளத்து வரித்தலை வாத்துகளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். இமயத்தை 7,000 மீட்டருக்கும் மேலே பறந்து தாண்டக்கூடிய அந்த வாத்துகளுக்கு அங்கே ஊரே காவல். சரணாலயம் என்ற பெயரும் உண்டு. அங்கிருந்து வடக்கே கோவில்பட்டி தாண்டி விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தால், சாதாரணக் கண்மாய்களும் அணைகளும் உழுத கரிசலும்தான். ஆனால் மார்கழி, தை மாதங்களில் வடதேசத்துப் பறவைகளைப் பார்க்க இவை போதும்.

முதலில் குல்லூர்சந்தை அணைக்குப் போனேன். விருதுநகருக்குத் தெற்கே கௌசிகா ஆற்றைத் தடுத்துக் கட்டிய அணை இது. காலை வெயில் ஏறும் முன்பே தண்ணீரின் நடுவில் நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும் கூட்டமாக மிதந்தன. சற்று ஒதுங்கி, தட்டைவாயன்கள் அகன்ற அலகால் நீரை வடிகட்டியபடி வட்டமடித்தன. எனக்கு ஆர்வமெல்லாம் கரையோரச் சேற்றின் மேல்தான். அங்கே கொசு உள்ளான்கள் ஓயாமல் குத்திக் குத்திப் பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் எடை ஏறக்குறைய 25 கிராம். ஆர்க்டிக் ஓரத்துத் தூந்திரத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே பனி மூடும் முன் புறப்பட்டு வந்தவை. அவற்றைப் பார்த்தபின் வாத்துகளின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பவே மனம் வரவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் அருகில் வந்தார்.

“என்னத்தய்யா இம்புட்டு நேரமாப் பாக்குறீக?”

“அந்தச் சின்ன உள்ளானைத்தான் ஐயா. ரஷ்யாவுக்கு வடக்கே இருந்து வருது.”

அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “வருசா வருசம் வருதே. தண்ணி வத்த வத்த, அது கூடவே உள்ள எறங்கிக்கிட்டே போகும்” என்றார். கரையோரப் பறவைகளின் பிழைப்பை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. இந்த மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிடுகிறது. பறவைகள் வந்து சேரும்போது கண்மாய் நிறைந்திருக்கும். பிறகு நீர் வற்றும்போது ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு சேற்று விளிம்பு, புழு பூச்சிகளோடு வெளிப்படும். பங்குனி வரை இந்தப் பந்தி ஓடும். ஆழமில்லாத, மெதுவாகச் சரியும் கண்மாய் என்பதால்தான் இது நடக்கிறது.

சிவகாசிக்குப் பட்டாசும் தீப்பெட்டியும் நிலைத்ததற்கும் இதே வறட்சி ஒரு காரணம். சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் பட்டாசு ஆலைக்குப் போகும் அக்கா ஒருவர் சொன்னார்: “மழ பேஞ்சா எங்களுக்கு வேல நின்னு போகும் சார். மருந்து காய வெயில் வேணுமில்ல.” அவர் வேலையை நிறுத்தும் அதே மழைதான் கண்மாயை நிரப்புகிறது. தீபாவளி முடிந்ததும் பல ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். வெடிவிபத்து பரவாமலிருக்க, விதிப்படி அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். அந்த வெற்றிடத்து வேம்புகளில் பழுப்புக் கீச்சானும், மின்கம்பிகளில் வரிசையாகத் தகைவிலான்களும் உட்கார்ந்திருந்தன.

மாலையில் இருக்கன்குடி பக்கம் திரும்பினேன். வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் சேரும் இடம் அது. அம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் கரிசல் விரிகிறது. கம்பு அறுத்த தாளுக்கு மேல், ஆள் உயரத்தில், இறக்கையை அசைக்காமல் சாய்ந்து சாய்ந்து ஒரு பருந்து வந்தது. பூனைப்பருந்து. கஜகஸ்தானின் புல்வெளிகளில் கூடுகட்டும் இனம் இது. நம் காட்டில் வெட்டுக்கிளியையும் சிறு பறவைகளையும் பிடித்துத் தின்னும். விவசாயிக்கு இதனால் லாபம்தான். மரத்தில் அடையாது, பொழுது சாய்ந்ததும் தரிசுப் புல்லுக்குள் தரையிலேயே, கூட்டமாகப் படுக்கும். குஜராத்தின் வேளாவதர் புல்வெளி இவற்றின் அடைவிடமாகப் பேர்பெற்றது. இங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் புல்லில் இறங்கிய பருந்துகளை இருட்டும்வரை பார்த்தேன். இந்தப் பயணத்தில் என்னை மிகவும் உலுக்கிய காட்சி அதுதான்.

அந்த நிலத்துக்கு நம் பேச்சில் பொட்டல் என்று பெயர். பொட்டலில் மனை போடலாம், சூரியத் தகடு பதிக்கலாம் என்பது பொது எண்ணம். பக்கத்து இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் மின்நிலையம் மட்டும் 2,500 ஏக்கர் அளவுக்குப் பரந்தது. மின்சாரம் வேண்டியதுதான். ஆனால் இடத்தைத் தேர்வதற்கு முன் குளிர்கால மாலைகளில் அங்கே போய் நின்று, புல்லில் என்ன இறங்குகிறது என்று ஒருவர் பார்த்திருக்க வேண்டும். சீமைக்கருவேலம் மூடிய தரிசிலும் பூனைப்பருந்துக்கு இடமில்லை.

வெடிச்சத்தம்தான் பறவைகளுக்குப் பகை என்று நண்பர்கள் பலர் நினைக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பது பெரிய மனசு, கும்பிடத்தக்கது. ஆனால் பட்டாசு நாட்டில் நான் அதிகம் அஞ்சுவது மண் அள்ளும் இயந்திரத்தைத்தான். தூர்வாருகிறோம் என்று கண்மாய்க்குள் செங்குத்தான குழிகள் வெட்டுகிறார்கள். குழியில் தண்ணீர் நிற்கும், வாத்து மிதக்கும், கொசு உள்ளானுக்குக் கால் ஊன்ற இடமிருக்காது.

ஜனவரி 26 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். கண்மாய் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து ஒன்று கேளுங்கள்: கரையைப் பலப்படுத்துங்கள், மடையைச் சரிசெய்யுங்கள், வண்டலையும் எடுங்கள், ஆனால் தண்ணீர் வந்து சேரும் பக்கத்தைச் சரிவாகவே விட்டுவிடுங்கள்.

(பயணம் தொடரும்)