தாத்தாவின் பாதி முகம்

போன விடுமுறையில் தாத்தாவின் சதாபிஷேகப் படங்களை அம்மாவுக்குக் காட்டலாம் என்று திறந்தேன். மூன்று படங்களில் தாத்தாவின் நெற்றி வரைக்கும்தான் இருந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். தாத்தா இப்போது இல்லை. கேமராவின் மெமரி கார்டை எப்போதோ அழித்தாகிவிட்டது. பேக்கப் இருக்கிறதே என்று இன்னொரு ஹார்ட் டிஸ்க்கைத் தேடி ஓடினேன். அங்கேயும் அதே பாதி முகம்! கெட்டுப்போன பிறகுதான் நகல் எடுத்திருக்கிறேன்.

லினக்ஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே-யை ஓட்டினேன். 'எல்லாம் சுத்தம்' என்றது. வந்ததே கோபம்!

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அதே டிஸ்க்கில் இறுதியாண்டு புராஜெக்டுக்காகப் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் வைத்திருந்தேன். இரண்டு வாரம் முன்பு அது ஒரு பக்கம் சரியில்லை என்று சொல்லி, ஒரு டேபிளை முழுதாகப் படிக்க மறுத்தது. மறுநாள் ரிவ்யூ வேறு. அதைத் திட்டித் தீர்த்துவிட்டு, பழைய டம்ப்பிலிருந்து மீட்டுக்கொண்டு போனேன். அன்றே டிஸ்க்கைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஒரே டிஸ்க். ஒன்று கத்துகிறது, இன்னொன்று வாயே திறக்கவில்லை. ஏன்?

போஸ்ட்கிரஸ் தன் தரவை 8 கேபி பக்கங்களாக எழுதுகிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் செக்சம் என்ற ஒரு சிறு எண். படிக்கும்போது மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கும், ஒத்துவராவிட்டால் தராது. 2013-ல் 9.3 பதிப்பில் வந்த இந்த வசதி, 2025-ல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்து தானாகவே இயங்குகிறது.

நான் வைத்திருந்த ஈஎக்ஸ்டி4 அப்படி இல்லை. கோப்பின் பெயர், அளவு, எந்த பிளாக்கில் இருக்கிறது என்ற கணக்கைத்தான் அது காக்கிறது. உள்ளே இருப்பது தாத்தாவா, சாம்பலா என்று அதற்குத் தெரியாது. நூலகத்தில் புத்தகம் அலமாரியில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதுபோல. பக்கம் கிழிந்திருந்தால்? அது அவர் வேலை இல்லை :-)

எல்லா ஃபைல் சிஸ்டமும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி 2005-ல் வெளியிட்ட இசட்எஃப்எஸ், உள்ளடக்கத்துக்கும் செக்சம் வைக்கிறது. மிரர் இருந்தால் நல்ல நகலைக் கொண்டு கெட்டதைச் சரிசெய்தும் விடும். பிடிஆர்எஃப்எஸ்ஸும் அப்படியே.

டேட்டாபேஸ் இன்னொரு படியும் மேலே போகும். இல்லாத மாணவன் பெயரில் புத்தகம் வழங்க முயன்றால் ஃபாரின் கீ தடுத்துவிடும். ஆனால் 50 என்று போடவேண்டிய இடத்தில் 60 என்று நானே தட்டச்சு செய்தால், எந்த செக்சமும் கண்டுபிடிக்காது.

இப்போது படங்களுக்கு எஸ்ஹெச்ஏ256 எண்களை ஒரு கோப்பில் சேமித்து, மாதம் ஒருமுறை சரிபார்க்கிறேன். பேக்கப் எடுப்பதற்கு முன்பும்தான்.

மூன்றில் ஒரு படம் அத்தை வீட்டுச் சுவரில் பிரிண்டாகத் தொங்கியது, ஸ்கேன் செய்துகொண்டேன். மற்ற இரண்டும் போனது போனதுதான். உங்கள் பழைய படங்களை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள் நண்பர்களே.