காந்தத்தின் உள்ளே

நம் கல்லூரி ஆய்வுகூடத்திலே சட்டக்காந்தத்தின்மீது காகிதம் விரித்து இரும்புத்தூள் தூவிப் பாராத பழைய மாணவர் இரார். முனைக்கு முனை வளைந்தோடும் அக்கோடுகளின் அருகே, நேரேற்றமும் மறையேற்றமும் சேர்ந்த மின்னிருமுனைவின் படத்தையும் வரைந்து, "இரண்டும் ஒன்றே" என்று கூறிவிடுதல் ஆசிரியருக்கு எளிது. நாமும் பல்லாண்டு அவ்வாறே கூறினோம்.

தொலைவில் நின்று நோக்குவார்க்கு அது பொய்யன்று. தூரம் இரட்டித்தால் இருவகைப் புலமும் எட்டிலொன்றாகும். அச்சின்மீதுள்ள புலம், அதே தூரத்தில் நடுத்தளத்திலுள்ளதன் இருமடங்காகும். வேற்றுமை உள்ளேதான்.

ஒரு தவணைப் பரீட்சையில், காந்தத்தின் உட்புறத்துக் கோடுகள் எத்திசையிற் செல்லும் என்று கேட்டிருந்தோம். ஏற்றங்களிடையே புலம் நேரிலிருந்து மறைக்குச் செல்வதுபோல, வடமுனையிலிருந்து தென்முனைக்கு என்பதே நாம் எதிர்பார்த்த விடை. ஒரு மாணவன் அம்பை மாற்றி வரைந்திருந்தான். மூன்று புள்ளிகளையும் வெட்டினோம்.

"ஏற்றங்களைப் பிரிக்கலாம், ஐயா. காந்தத்தை ஒடித்தால் இரு காந்தங்களல்லவோ வருகின்றன? தனிமுனை இல்லையெனில் கோடு எங்கே முடியும்?" என்றான். பாடத்தைத் திரும்பப் படி என்று அனுப்பிவிட்டோம்.

வினா எம்மை விடவில்லை. அடுத்த ஆண்டு, அட்டையிலே செப்புக்கம்பியைச் சுருளாகக் கோத்து, மின்கலத்தோடிணைத்து, நடுவே சிறு திசையறிகருவியை வைத்தோம். (காந்த மத்தியகோடு அண்மையிற் செல்வதால் நம்மூரில் ஊசி சரியாது கிடையாகவே நிற்கும், அது வசதியாயிற்று.) வெளியே சட்டக்காந்தத்தின் கோலமே. உள்ளேயோ, ஊசியின் வடமுனை சுருளின் வடமுகத்தையே நோக்கி நின்றது! கோடுகள் முடிவதில்லை, உள்ளே புகுந்து வளையமாகின்றன. காந்த இருமுனைவு முனைகளின் சோடியன்று, சுற்றியோடும் மின்னோட்டத்தின் இயல்பு என அம்பெயர் 1820களிலேயே கண்டிருந்தார். இலத்திரனின் தற்சுழற்சியும் அதற்குக் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டிலே தெளிந்தது.

நம் துறைமுகமே இதனைக் கற்பித்திருக்கலாம். 1957 வரை இங்கே தளங்கொண்டிருந்த பிரித்தானியக் கடற்படையினர், இரண்டாம் உலகப்போரிலே காந்தக் கண்ணிகளுக்கு அஞ்சித் தம் கப்பல்களில் வடஞ்சுற்றி மின்னோட்டஞ் செலுத்தினர். உருக்குடலின் காந்தத்தை அடக்க அவர்கள் முனைகளைத் தேடவில்லை.

அம்மாணவன் அதற்குள் கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டான். எங்கிருக்கின்றான் என அறியோம். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், அந்த மூன்று புள்ளிகளும் அவனுடையவை.