முடிவு சொல்லாத கதை

பயணம் புறப்படுகிறவர்கள், தாம் காணச் செல்லும் ஊரைப் புறப்படுமுன்பே ஒருமுறை கண்டுவிடுகிறார்கள். கேட்ட கதைகளும் படித்த நூல்களும் பார்த்த படங்களும் சேர்ந்து உள்ளத்துள் ஓர் ஊரைக் கட்டி வைத்துவிடுகின்றன. பின்னர் நேரில் சென்று நிற்கும்போது, உள்ளத்து ஊருக்கும் கண்முன் நிற்கும் ஊருக்கும் இடையே ஒரு தொலைவு தென்படுகிறது. அத்தொலைவை அளந்து பார்ப்பதே பயணத்தின் பயன் என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது.

2025 யூபிலி ஆண்டின் அக்டோபர் மாதத்தில் திருப்பயணக் குழு ஒன்றுடன் உரோமைக்குச் சென்றிருந்தோம். நாங்கள் என்பது அக்காளும் தம்பியுமாகிய இருவர். இருவருக்குமே அறுபத்தைந்து வயது கடந்துவிட்டது. நான்கு பெரும் பேராலயங்களின் திருக்கதவுகளையும் கடந்து, குழுவினர் நாடு திரும்பிய பிறகு, மூன்று நாள்கள் மட்டும் தனியே தங்கினோம். “இன்னும் என்ன பார்க்க இருக்கிறது?” என்று குழுவில் இருந்த ஒருவர் கேட்டார். “சினிமா எடுத்த இடங்களைப் பார்க்கப்போகிறோம்” என்று அக்கா சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் பிழையில்லை. எங்கள் அப்பாவை அவர் அறியமாட்டார்.

இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா 1952 சனவரியில் பம்பாயில் தொடங்கிப் பின்னர் சென்னைக்கும் வந்தது. அப்பா அப்போது சென்னையில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளைஞர். அவ்விழாவில் இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிக்கா 1948இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தை அவர் பார்த்தார். மொழி புரியவில்லை, ஆனால் புரியாமற்போனது ஒன்றும் இல்லை என்பார். எங்கள் சிறுவயதில், மின்சாரம் இல்லாத இரவுகளில், திண்ணையில் அமர்ந்து அந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

போர் முடிந்த உரோமை. வேலையற்ற ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சைக்கிள் வேண்டும். சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி படுக்கை விரிப்புகளை உருவி எடுத்து அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். வேலையில் சேர்ந்த முதல் நாளே அது திருடுபோகிறது. தகப்பனும் சிறுவனான மகனும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நகரெங்கும் தேடி அலைகிறார்கள். கடைசியில் மனமுடைந்த தகப்பன், மகனை டிராமில் ஏறிப் போகச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்த்திருந்த வேறொருவரின் சைக்கிளை எடுக்கிறான்.

அந்த இடத்தில் அப்பா நிறுத்திவிடுவார். “அப்புறம் என்ன ஆச்சு அப்பா?” என்று நாங்கள் நச்சரிப்போம். “அப்புறம் என்ன, வீட்டுக்குப் போனாங்க” என்று எழுந்துவிடுவார். ஒவ்வொரு முறையும் அவ்வளவுதான். 1994இல் அவர் மறையும்வரை அக்கதையின் முடிவு எங்களுக்குத் தெரியாது.

முதல் நாள், எல்லாரும் செல்லும் இடங்களுக்கு நாங்களும் சென்றோம். வில்லியம் வைலரின் ‘ரோமன் ஹாலிடே’ 1953இல் வெளிவந்தது. அதில் இளவரசியாக நடித்த ஆட்ரி ஹெப்பர்ன் ஐஸ்கிரீம் சுவைத்த ஸ்பானியப் படிகளில் இப்போது அமர்வதற்கே தடை. 2019 முதல் தண்டம் விதிக்கிறார்கள். அதே படத்தில் வரும் ‘உண்மையின் வாய்’ என்னும் பெரிய பளிங்குக்கல் முகம், கோஸ்மெதினில் உள்ள புனித மரியா ஆலய முகப்பில் இருக்கிறது. பொய்யர் கையை விட்டால் அது கடித்துவிடும் என்பது பழங்கதை. படத்தில் கிரெகரி பெக் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, கை போய்விட்டதுபோல் நடிப்பார். அங்கே நீண்ட வரிசை. ஒவ்வொருவரும் கையை விட்டு, அலறுவதுபோல் முகம் காட்டி, படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எங்கள் முறை வந்தபோது அக்கா, “நீ வை தம்பி, நான் வைக்கமாட்டேன்” என்று ஒதுங்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு விடை சொல்லவில்லை.

மாலையில் திரேவி நீரூற்று. ஃபெலினியின் ‘லா டோல்சே வீட்டா’ 1960இல் வெளிவந்தபோது வத்திக்கான் நாளிதழ் அதைக் கடுமையாகக் கண்டித்தது. அனிதா எக்பெர்க் நீரில் இறங்கி நின்ற அக்காட்சியாலேயே இன்று பலருக்கும் அந்நீரூற்று தெரிந்திருக்கிறது. இறங்கத் தடை உண்டு. காசு எறியத் தடையில்லை. எறிந்த காசுகளைத் திரட்டி, உரோமைக் காரித்தாஸ் அமைப்பின் வழியாக ஏழைகளுக்குச் செலவிடுகிறார்கள். நாங்களும் ஆளுக்கொரு காசு எறிந்தோம். கூட்டம் மகிழ்ச்சியாக இருந்தது. நாங்களும் மகிழ்ச்சியாகவே இருந்தோம். ஆனால் நாங்கள் தேடி வந்த உரோமை அங்கே இல்லை.

மறுநாள் போர்ட்டா மஜ்ஜோரே வாயிலுக்கு அப்பால், இருப்புப்பாதையை ஒட்டிய மொந்தேகுக்கோலி தெருவிற்குச் சென்றோம். ரோசெல்லினியின் ‘உரோமை, திறந்த நகர்’ படத்தின் உயிரான காட்சி இங்கே படமாயிற்று. செருமானியப் படையிடமிருந்து நகரம் விடுபட்டது 1944 சூன் 4. படப்பிடிப்புத் தொடங்கியது 1945 சனவரி. வட இத்தாலியில் அப்போதும் போர் ஓயவில்லை. சினேசித்தா படப்பிடிப்பு வளாகத்தில் அகதிகள் குடியிருந்தார்கள். படச்சுருள் கிடைப்பதே அரிதாக இருந்தது. அச்சூழ்நிலையில்தான் அன்னா மக்னானி இத்தெருவில் ஓடினார். தன் திருமண நாளன்று, மணமகனைப் பிடித்துச் செல்லும் வண்டியின் பின்னே கையை நீட்டிக்கொண்டு ஓடும் பீனா என்னும் கைம்பெண், துப்பாக்கிக் குண்டு பட்டுத் தெருவில் விழுகிறாள். சிறுவனான அவளுடைய மகன் அவள்மேல் விழுந்து கதறுகிறான். ஆல்டோ ஃபாப்ரிசி நடித்த அருள்தந்தை பியெத்ரோ அவளைத் தன் மடியில் தாங்குகிறார்.

தெரு மிகச் சாதாரணமான தெரு. இருபுறமும் உயர்ந்த குடியிருப்புகள், வரிசையாக நிறுத்திய கார்கள், மாடத்தில் காயும் துணிகள். காய்கறிப் பையுடன் வந்த ஒரு மூதாட்டி, சாலையின் நடுவே தலை குனிந்து நின்ற எங்களைப் பார்த்துத் தயங்கினார். பின்பு புரிந்துகொண்டவர்போல, “மக்னானி” என்று ஒரு சொல் மட்டும் சொல்லி, கையால் தெருவின் ஒரு பகுதியைக் காட்டிவிட்டுத் தம் வாயிலுக்குள் நுழைந்தார்.

அங்கே நின்று ஒரு வேண்டுதல் சொல்லலாம் என்று எண்ணியபோதுதான் ஒரு தயக்கம் பிறந்தது. இத்தெருவில் இறந்தவர் யார்? ஒரு நடிகை விழுந்தார், எழுந்தார். உண்மையில் இறந்த பெண் வேறிடத்தில் கிடந்தாள். அவள் பெயர் தெரேசா குல்லாச்சே. ஐந்து பிள்ளைகளின் தாய், ஆறாவது குழந்தையைச் சுமந்திருந்தவள். 1944 மார்ச் 3ஆம் நாள், பிடிபட்டுப் படைவீடு ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த கணவனை நெருங்க முயன்றபோது, ஒரு செருமானியப் படைவீரன் அவளைச் சுட்டுக் கொன்றான். அது நடந்தது ஜூலியோ சேசரே சாலையில். படத்தின் அருள்தந்தைக்கும் முன்னோடிகள் உண்டு. அருள்தந்தை பியெத்ரோ பப்பகாலோ 1944 மார்ச் 24 அன்று அர்தியாத்தீனே குகைகளில் கொல்லப்பட்ட 335 பேருள் ஒருவர். அருள்தந்தை ஜுசெப்பே மொரோசினி அடுத்த ஏப்ரல் 3 அன்று பிராவெத்தா கோட்டையில் சுடப்பட்டார்.

ஜூலியோ சேசரே சாலை! அப்பெயரைக் கேட்டதும் எங்களுக்கு நாணமாக இருந்தது. வத்திக்கானுக்குச் செல்லும் திருப்பயணியர் இறங்கும் ஒத்தவியானோ சுரங்க இரயில் நிலையம் அச்சாலையில்தான் உள்ளது. குழுவுடன் இருந்த நாள்களில் காலையும் மாலையும் நாங்கள் அதனைக் கடந்து சென்றோம். குடையும் தொப்பியும் விற்பவர்களை விலக்கிக்கொண்டு விரைந்தோம். நடிப்பு நிகழ்ந்த தெருவைத் தேடி நகரின் மறுகோடிக்கு வந்துவிட்டோம்; குருதி சிந்திய சாலை எங்கள் காலடியிலேயே இருந்திருக்கிறது. அன்று மாலை அங்கே திரும்பிச் சென்று, அவள் நினைவாகப் பதித்துள்ள கல்லின்முன் நின்றோம். ஆயினும் படத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அப்படம் இல்லாவிட்டால், எங்கள் நாட்டில் யார் அவள் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? கலை இடத்தை மாற்றிச் சொல்லலாம். துயரத்தை மாற்றிச் சொல்லாதவரை அது உண்மையே பேசுகிறது.

மூன்றாம் நாள் ஞாயிறு. காலைத் திருப்பலிக்குப் பின் போர்த்தா போர்த்தேசே சந்தைக்குச் சென்றோம். தகப்பனும் மகனும் மழையில் சைக்கிளைத் தேடிய இடம் அது. மழைக்கு ஒதுங்கும் அவர்களுக்கு அருகே குருமாணவர் சிலர் செருமானிய மொழியில் பேசிக்கொண்டு நிற்பார்கள். அவர்களுள் ஒருவராக நின்ற இளைஞர் செர்ஜியோ லியோனே பின்னாளில் பெரிய இயக்குநர் ஆனார். இன்றும் ஞாயிறுதோறும் அங்கே பழைய பொருள்கள் விற்கிறார்கள். ஒரு கடையில் துருப்பிடித்த சைக்கிள் மணிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அக்கா ஒன்றை எடுத்து அடித்துப் பார்த்து, மீண்டும் வைத்துவிட்டாள்.

பிற்பகலில் போபோலோ சதுக்கத்திலிருந்து ஃபிளமீனியா சாலை வழியே நடந்து விளையாட்டரங்கை அடைந்தோம். படத்தில் காணும் அரங்கம் இப்போது இல்லை. அதை இடித்துவிட்டு, 1960 ஒலிம்பிக் போட்டிகளுக்காகப் புதிய அரங்கம் கட்டினார்கள். அதுவும் 2011 முதல் மூடிக் கிடக்கிறது. நாங்கள் நின்றபோது வாயில்களில் பூட்டும், மதிலோரம் புல்லும் இருந்தன. ஏறத்தாழ அவ்விடத்தில்தான் அந்தத் தகப்பன் சைக்கிளைத் திருடி, துரத்தப்பட்டு, பிடிபட்டான்.

முடிவை நாங்கள் பார்த்தது, அப்பா இறந்து பத்தாண்டு கழித்து, ஒரு குறுந்தகட்டில். டிராமைத் தவறவிட்ட சிறுவன் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறான். கூட்டம் தகப்பனை அடிக்கிறது. தொப்பி கீழே விழுகிறது. சிறுவன் அழுதுகொண்டே அதை எடுத்துத் தூசி தட்டுகிறான். அவனைக் கண்ட உடைமைக்காரர் மனமிரங்கித் தகப்பனை விட்டுவிடுகிறார். இருவரும் கூட்டத்தோடு நடக்கிறார்கள். தகப்பன் அழுகிறான். சிறுவன் தகப்பனின் கையைப் பற்றிக்கொள்கிறான். படம் முடிகிறது. நடித்த லாம்பெர்ட்டோ மஜ்ஜொரானி நடிகர் அல்லர், தொழிற்சாலைத் தொழிலாளி. படத்திற்குப் பின் அந்த வேலையும் அவருக்கு நிலைக்கவில்லை. சிறுவனாக நடித்த என்சோ ஸ்தயோலா, நாங்கள் சென்ற அதே ஆண்டின் சூன் மாதத்தில், 85ஆம் வயதில் காலமானார். திரைப்படம் பிறந்து நூறாண்டு ஆனதையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில், ரோசெல்லினியின் படமும் இப்படமும் இடம்பெற்றன.

அந்த மதிலோரம் நின்றபோது, அறுபது ஆண்டுகளாக எங்களுள் ஒருவரும் மற்றவரிடம் பேசாத ஒன்றைப் பேசினோம்.

1966ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு, அப்பா எங்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஜவுளிக்கடைக்கு அழைத்துச் சென்றார். முந்தைய ஆண்டின் பாக்கி தீரவில்லை. கடைக்காரர், வந்திருந்த அத்தனை பேர் நடுவிலும் குரலை உயர்த்தினார். “பாக்கியைக் கட்ட வக்கில்லை, வாத்தியார் பிள்ளைகளுக்குப் புதுத்துணி கேட்குதோ?” என்றார். அப்பாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டிருந்த நாங்கள் இருவரும், ஒருவரையொருவர் பார்க்காமலேயே கைகளை விடுவித்துக்கொண்டோம். தெருவைக் கடந்து, எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த ஒரு சினிமாச் சுவரொட்டியைப் படிப்பதுபோல் நின்றோம். அவருடைய பிள்ளைகள் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்ற எண்ணம். அப்பா வெளியே வந்தார், எங்களைத் தேடினார், கண்டார். ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டு நடந்தார். பத்தடி பின்னால் நாங்கள் நடந்தோம்.

“அதுக்கு முன்னால முடிவைச் சொல்லியிருக்காரா தம்பி?” என்று அக்கா கேட்டாள். நினைவில்லை. அவர் முடிவைச் சொல்லாமல் விட்டது அந்நாளுக்குப் பின்னர்தானா, முன்பிருந்தேவா என்பதை இனி யாரிடம் கேட்க முடியும்? ஒன்று மட்டும் விளங்கியது. அந்தச் சிறுவன் கையைப் பற்றினான் என்று அவர் சொல்லியிருந்தால், அச்சொல் எங்களைச் சுட்டிருக்கும். அதை அவர் அறிந்திருந்தார். ஆகவே தமக்கு மிகவும் பிடித்த கதையைக் கடைசிவரை குறையாகவே சொல்லி முடித்தார்.

உண்மையின் வாயில் ஏன் கையை விடவில்லை என்று மறுபடி கேட்கவில்லை. இருட்டும்வரை அங்கேயே இருந்துவிட்டு, வந்த வழியே நடந்து விடுதிக்குத் திரும்பினோம்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே கல்லறைத் திருநாள் வந்தது. அப்பாவின் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றினோம். மற்றவர்கள் செபம் முடித்து நகர்ந்த பின்னும் நாங்கள் இருவர் மட்டும் அமர்ந்திருந்தோம். கதையின் முடிவை, அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கி, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுத்து, அவருக்குச் சொன்னோம். சிறுவன் தொப்பியைத் தூசி தட்டியதைச் சொன்னோம். கையைப் பற்றியதைச் சொன்னோம். அப்புறம் வீட்டுக்குப் போனார்கள் என்றும் சொன்னோம்.