சீட்டுக்கு அடியில் பாருங்க!

உங்க வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடின கார் இருக்கா? இருந்தால் டிரைவர் சீட்டில் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பாருங்க. இடுப்பு கதவுப் பக்கமாகச் சாயுதா? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எங்க வீட்டில் இருப்பது மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டி வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றுபோன மாடல். அப்பாவுக்கு சிவகாசி காலண்டருக்கு ஆர்டர் பிடிக்கிற வேலை. ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வந்ததும் வண்டி கிளம்பிவிடும். திருத்தங்கல், ஆமத்தூர், விருதுநகர், அங்கிருந்து மதுரை என்று கடை கடையாக ஏறி இறங்கணும். அந்த சில மாசத்தில் பிடிக்கிற ஆர்டர்தான் எங்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு. என் செமஸ்டர் ஃபீஸும் அதில்தான்.

போன சீசன் நடுவில் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் ஒரு மாசம் வண்டி ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டார். "ஒரு மாசம் வீட்டுல உட்கார்ந்தா பார்ட்டி எல்லாம் வேற ஆள்கிட்ட போயிருவாங்கப்பா" என்றார் அப்பா. துண்டை மடித்து வைத்தார். அப்புறம் தலையணை. எதை வைத்தாலும் அதுவும் சேர்ந்து வலது பக்கமே இறங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போல்ட்டுகளைக் கழற்றி, சீட்டை வெளியே எடுத்துத் திண்ணையில் வைத்தோம். அப்பாவை அதில் உட்காரச் சொல்லி டேப்பால் அளந்தேன். இடது ஓரத்தைவிட வலது ஓரம் 3 செ.மீ. கீழே இருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரிந்தது.

பழைய கார் சீட் பலதிலும் அமைப்பு இதுதான். சுற்றி இரும்புப் பிரேம். அதன் குறுக்கே பாம்பு மாதிரி வளைந்து ஓடும் ஸ்பிரிங் கம்பிகள். அதற்கு மேல் துணி, பிறகு ஃபோம், கடைசியில் கவர். நாம் பார்ப்பது கவரை, குறை சொல்வது ஃபோமை. ஆளைத் தாங்குவது என்னவோ அந்தக் கம்பிதான். எங்க சீட்டில் கதவுப் பக்கக் கம்பி, கொக்கி வளைவில் ஒடிந்திருந்தது. அடுத்த கம்பி தளர்ந்து தொங்கியது. முனை குத்திக் குத்தி ஃபோமும் கிழிந்திருந்தது.

ஏன் அந்த ஓரம் மட்டும்? ஏறும்போதும் இறங்கும்போதும் மொத்த எடையும் ஒரு நொடி அங்கேதான் விழுது. கடை கடையாக இறங்குகிறவருக்கு ஒரு நாளில் எத்தனை தடவை! ஒரே தடவையில் ஒடிக்க முடியாத சுமையும் திரும்பத் திரும்ப விழுந்தால் இரும்பை ஒடித்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை வைத்து ஆராய்ந்தது இதைத்தான். நாம் பரீட்சைக்கு வரைகிற எஸ்-என் வளைகோடு அங்கிருந்து வந்தது.

இன்னொரு கணக்கும் பாருங்க. நாலு கம்பி சமமாகத் தாங்கினால் ஆளுக்குக் கால் பங்கு. ஒன்று போனால் மீதி மூன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஒவ்வொன்றின் சுமையும் 33 சதவீதம் ஏறுது. முதல் கம்பி போக வருஷக்கணக்கில் ஆகும். அடுத்தது அவ்வளவு நாள் காத்திருக்காது.

சீட்டைத் தூக்கிக்கொண்டு குஷன் கடைக்குப் போனோம். "வெல்டு வச்சிரலாமாண்ணே?" என்று அப்பா கேட்டார். "வேணாம்ணே, வச்ச இடத்துக்குப் பக்கத்துலயே திரும்ப ஒடியும்" என்றார் கடைக்காரர். மெட்டலர்ஜி வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்துவதை ஒரே வரியில் முடித்துவிட்டார். ஸ்பிரிங் கம்பியில் கார்பன் அதிகம். வெல்டிங் சூட்டில் ஒட்டின இடத்தைச் சுற்றி அதன் பதம் கெட்டுப்போகும். பிரேம் விரிந்தால் வெல்டு வைக்கலாம், கம்பிக்கு வைக்கக்கூடாது. கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டுவதும் சில நாளைக்குத்தான்; அது மெதுவான இரும்பு, நீண்டுவிடும்.

அதே தடிமனில் இரண்டு புதுக் கம்பி மாட்டினார். குறுக்கே கேன்வாஸ் பெல்ட் இழுத்துக் கட்டினார். கம்பி ஃபோமை அறுக்காமல் இருக்க நடுவில் சாக்குத் துணி. கிழிந்த இடத்தில் மட்டும் புது ஃபோம். புது சீட் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. திரும்ப மாட்டியதும் போல்ட்டை இறுக்கி, சீட்டை முன்னும் பின்னும் தள்ளி லாக் விழுதான்னு பார்த்தோம். இதை மட்டும் விட்டுவிடாதீங்க. பிரேக் போடும்போது சீட் நகர்ந்தால் இடுப்பு வலியெல்லாம் சின்ன விஷயம்.

அப்பா பதினைந்து நாள் ஓய்வுக்குத்தான் சம்மதித்தார். வலி முழுசாப் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். மதுரை போய் வந்த அன்றைக்கு இன்னும் தைலம் தேய்க்கச் சொல்வார். ஆனால் தலையணை வீட்டுக்குள் வந்துவிட்டது, ஆர்டரும் பெரிசா கை நழுவவில்லை.

நம்ம வீடுகளில் வண்டிக்கு ஆயில் மாத்துவாங்க, டயர் மாத்துவாங்க. ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தை யாரும் சர்வீஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. "வயசாச்சுல்ல, வலிக்கத்தான் செய்யும்" என்று அவரே சொல்லிவிடுவார். வயசு பாதி என்றால், ஒடிந்த கம்பி மீதியாக இருக்கலாம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு ஸ்பேனரும் டேப்பும் எடுத்துக்கொள்ளுங்க. பத்து நிமிஷ வேலைதான்.